தேயிலைக்குள்ள தொலஞ்ச சிவப்புப் பந்து

நான் பிளஸ் டூ படிச்சிக்கிட்டு இருந்த வருஷம் எங்க லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க இருக்கற வரிசை வீட்டுக்கு, கீழ இருக்கற சரிவுல கவாத்து வெட்டினாங்க. தேயிலைப் பக்கமே வராதவங்களுக்காகச் சொல்றேன், நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ செடிய இடுப்புக்குக் கீழ, சில எடத்துல முட்டி அளவுக்கே வெட்டி விட்டுருவாங்க, அதுதான் கவாத்து. அதுவரைக்கும் கால் வைக்க எடமில்லாம மூடிக் கெடந்த சரிவு ஒரே வாரத்துல வெறும் குச்சியா நிக்கும், அடில என்னென்ன கெடந்துச்சோ அத்தனையும் வெளிய வந்துரும். அன்னைக்கு சாயங்காலம் கவாத்துக்குப் போயிருந்த மாமா ஒருத்தர் உரச் சாக்கு ஒண்ணு கொண்டுவந்து எங்க வாசல்ல கவுத்துனாரு. 14 பந்து. ரெண்டு மூணு டென்னிஸ் பந்து, மிச்சம் எல்லாமே சிவப்பு ரப்பர் பந்து, சிலது வெடிச்சு, சிலது வெளுத்து, சிலது இன்னும் ஆடலாங்கற மாதிரி.

"எல்லாம் உன் தம்பி நிக்கற பக்கமாத்தான்மா கெடந்துச்சு"ன்னாரு மாமா. அத்தன பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். தம்பிக்கு அப்ப 11 வயசு. அவன் மட்டும் ஒவ்வொரு பந்தா எடுத்துத் தொடச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான்.

மலைல சமதரை கெடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு இங்க பொறந்தவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு கிரவுண்டுன்னா லயத்து வாசல் தான், ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் நேரா தேயிலைச் சரிவு. வீட்டுப் பக்கம் அடிச்சா அவுட், தேயிலைக்குள்ள போனா ரெண்டு ரன். சின்னப் பையன்னு தம்பியத் தான் கீழ சரிவுல நிறுத்துவோம். நான் பவுலிங் போடுவேன், நல்லாவே போடுவேன், ஆனா அடி விழுந்து பந்து உள்ள போச்சுன்னா எனக்குக் கோவம் தலைக்கேறிரும், ஏன்னா மேல நிக்கற எனக்கே அந்தச் சிவப்பு பளிச்சுனு தெரியும், அவன் அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பான். "கண்ணு எங்கடா இருக்கு உனக்கு?" இத எத்தன தடவ கத்தியிருப்பேன்னு கணக்கே இல்ல. அவன் பதிலே பேச மாட்டான். மண்டி போட்டு செடிக்கு அடில கையவிட்டுத் தடவுவான். இல்லன்னா எந்த வரிசைல இலை சத்தம் கேட்டுச்சோ அத ஞாபகம் வச்சு அங்க போய்க் காலால தொழாவுவான். அப்படியே நெறைய பந்த எடுத்தும் குடுத்திருக்கான். அவன் காதால ஃபீல்டிங் பண்ணிக்கிட்டு இருந்தான்னு எங்க யாருக்கும் தோணல.

தெரிஞ்சது அவனோட 19 வயசுல. ஒரு வேலைக்கு எழுத்துப் பரீட்சை, ஓட்டம் எல்லாம் பாஸ் பண்ணி மெடிக்கலுக்குப் போனான். அங்க ஒரு புத்தகத்த விரிச்சுக் காட்டியிருக்காங்க, வட்டத்துக்குள்ள கலர் கலரா புள்ளி, அதுக்குள்ள ஒரு நம்பர். 1917ல ஜப்பான்ல ஷினோபு இஷிஹாரான்ற கண் டாக்டர் பண்ண டெஸ்ட் அது. முதல் பக்கத்துல இருக்கற நம்பர் எல்லாருக்குமே தெரியும், அத சொல்லிட்டான். அடுத்து வந்த பல பக்கத்துல வெறும் புள்ளி தான் தெரிஞ்சுச்சாம். "நம்பரே இல்லையே சார்"னு சொல்லியிருக்கான். அவ்ளோதான், வேலை போச்சு. வீட்டுக்கு வந்து ராத்திரி சோறு சாப்பிடறப்ப ரொம்ப சாதாரணமா சொன்னான், "க்கா, எனக்கு சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தான் தெரியுமாம்". எனக்குச் சோறு எறங்கல. அந்த 14 பந்தும் வாசல்ல உருண்டு வர்ற மாதிரி இருந்துச்சு.

இது எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றது. ஆம்பளைங்களுக்கு அந்த குரோமோசோம் ஒண்ணே ஒண்ணு, அதுல குறை இருந்தா அப்படியே வெளிய தெரியும், பொம்பளைங்களுக்கு ரெண்டு இருக்கறதால பெரும்பாலும் தெரியாது, ஆனா பிள்ளைக்குப் போய்ச் சேரும். அப்ப எங்க அம்மா வழியா தான் தம்பிக்கு வந்திருக்கணும். அம்மாவுக்கு எங்க இருந்து? தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, இலங்கைல ஹட்டன் பக்கம் தேயிலை ஃபேக்டரில இருந்தவரு, அங்க இருந்த தோட்டத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு முடிவான 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் குடும்பத்தோட கப்பல் ஏறி நீலகிரிக்கு வந்தவரு. ஃபேக்டரில நசுக்கின கொழுந்து பச்சைல இருந்து செம்பு நெறத்துக்கு மாறும்போது சரியான நேரத்துல எடுத்து அடுப்புக்கு அனுப்பணும், எல்லாரும் கலரப் பாத்துச் சொல்ற எடத்துல தாத்தா மட்டும் கைல அள்ளி மோந்து பாத்துத் தான் சொல்வாருன்னு அம்மா பெருமையா சொல்லுவாங்க. நாங்க அத தாத்தாவோட கைநேர்த்தின்னு நெனச்சிருந்தோம். கைநேர்த்தி தான், ஆனா அது ஏன் அப்படி வந்துச்சுன்னு இப்ப தான் புரியுது.

இதெல்லாம் ஏன் எழுதறேன்னா, என் தொழிலே கலர். கோயம்புத்தூர்ல விஸ்காம் படிச்சேன், திருப்பூர்ல விளையாட்டு ஜெர்சி பண்ற எடத்துல டிசைனரா இருந்தேன், அப்புறம் மலைக்கே திரும்பி வந்து குன்னூர்ல ஒரு சின்ன ரூம் எடுத்து ஊர் டீம்களுக்கு ஜெர்சி, பேட் ஸ்டிக்கர், கப்புக்கு லேபிள்னு பண்ணிக்கிட்டு இருக்கேன். நீலகிரில ஒவ்வொரு ஹட்டிக்கும், அதாவது படுகர் ஊருக்கும், ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் ஒரு டீம் இருக்கும், கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் உசுரு, அதனால வேலைக்குக் குறைச்சல் இல்ல. தம்பிக்கு இப்படின்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் அத என் தொழிலோட சேர்த்து நான் யோசிக்கவே இல்ல. அது அவன் கண்ணு, இது என் கம்ப்யூட்டர்னு தனித்தனியா இருந்துச்சு.

சேர்ந்தது ஒரு ஃபுட்பால் மேட்ச்ல. ரெண்டு டீமுக்கும் ஜெர்சி நான் பண்ணது. ஒண்ணு மெரூன், இன்னொண்ணு கரும்பச்சை, ரெண்டுலயும் மெல்லிசு கோடு, கோல்டு அவுட்லைன் போட்ட நம்பர், கோரல் டிரால பாத்தப்ப அவ்ளோ அழகா இருந்துச்சு. தம்பி மெரூன் டீம்ல மிட்ஃபீல்டு. ரெண்டாவது பாதில மிஸ்ட் எறங்குச்சு, எங்க ஊர்ல அது எப்ப எறங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, ரெண்டு நிமிஷத்துல எதிர் கோல்போஸ்ட் காணாமப் போயிரும். அதுல தம்பி நல்லா எடுத்துட்டு வந்த பந்த நேரா எதிர் டீம்காரன் காலுக்கு பாஸ் பண்ணான். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஓரத்துல நின்னவங்க கத்துனாங்க, நான் சின்ன வயசுல கத்துன அதே வார்த்தை. அந்தத் துணிய அவனுக்குப் போட்டுவிட்டது நான்.

அப்புறம் தேடிப் படிச்சப்ப தான் தெரிஞ்சுது, இது எங்க மலைல மட்டும் நடந்தது இல்ல. 2015 நவம்பர்ல அமெரிக்கால என்எஃப்எல்னு சொல்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல மேட்ச் ஒண்ணு, பஃபலோ பில்ஸ் கழுத்துல இருந்து கால் வரைக்கும் சிவப்பு, நியூயார்க் ஜெட்ஸ் கழுத்துல இருந்து கால் வரைக்கும் பச்சை. டிவில பாத்தவங்கள்ல கலர் பேதம் தெரியாதவங்க எல்லாம் யாரு எந்த டீம்னே தெரியலன்னு எழுதித் தள்ளிட்டாங்க. அவ்ளோ பெரிய விளையாட்டுல கூட அதுவரைக்கும் இத யாரும் போட்டுப் பாக்கல.

போட்டுப் பாக்கறது ரொம்ப சுலபம். அன்னைக்கு ராத்திரி அந்த ரெண்டு ஜெர்சியையும் கம்ப்யூட்டர்ல கலர எடுத்துட்டு பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு மாத்தினேன். ரெண்டும் ஒரே சாம்பல். நெறம் வேற வேற, ஆனா வெளிச்சம் ஒண்ணு தான். தம்பிக்கு எல்லாமே பிளாக் அண்ட் ஒயிட்டா தெரியும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அவனுக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், அந்த ரெண்டையும் அவன் குழப்பிக்கவே மாட்டான், சிவப்பு பச்சை பிரவுன் தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துரும். ஆனா ஒரு டிசைன் கலர எடுத்தப்புறமும் நிக்குதான்னு பாக்கறதுக்கு இத விட நேரான சோதனை எனக்குக் கெடைக்கல.

அங்க இருந்து தான் எனக்கு டெல்ஸ்டார் பந்து புரிஞ்சுது. ஃபுட்பால்னு சொன்ன உடனே நாம மனசுல வரையற பந்து இருக்கே, வெள்ளைல கறுப்பு கறுப்பா, அது 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் பண்ணது. 32 துண்டு, 20 வெள்ளை அறுகோணம், 12 கறுப்பு ஐங்கோணம். அந்த உலகக் கோப்பை கலர்ல ஒளிபரப்பானது தான், ஆனா பெரும்பாலான வீட்ல இருந்தது பிளாக் அண்ட் ஒயிட் டிவி. அந்தத் திரைல பழைய பந்து புல்லோட கலந்துரும், இது கலக்காது, உருளும்போது கறுப்பு வெள்ளை மாறி மாறி வர்றதால எந்தப் பக்கம் சுத்துதுன்னு கூடத் தெரியும். டெலிவிஷனோட நட்சத்திரம்னு தான் அதுக்குப் பேரே வச்சாங்க. காலேஜ்ல இத பரீட்சைக்குப் படிச்சு மார்க் வாங்கினவ தான் நான். ஆனா இப்ப யோசிச்சா, அந்தக் காலத்துல டிவி முன்னாடி உக்காந்த உலகம் முழுக்க என் தம்பிய விட மோசமான நெலைல இருந்துச்சு, ஒரு கலரும் தெரியாது. அத்தன கோடிப் பேருக்குத் தெரியலன்ன உடனே பந்தையே மாத்துனாங்க. யாரும் பாக்கறவங்களப் பாத்து கண்ணு எங்க இருக்குன்னு கேக்கல.

டென்னிஸ் பந்தும் அப்படித்தான். முன்னாடி வெள்ளை இல்லன்னா கறுப்பு. கலர் டிவில சரியா தெரியலன்னு 1972ல சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அந்தப் பளீர் மஞ்சளக் கொண்டுவந்துச்சு, விம்பிள்டன் மட்டும் 1986 வரைக்கும் வெள்ளையவே வச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த மஞ்சள் கோர்ட்டுக்கு அருமை. எங்க தேயிலைக்கு அத விட மோசமான கலர் கெடையாது, ஏன்னா மழைக்கு அப்புறம் விடற புதுக் கொழுந்து அச்சு அசலா அதே நெறம், மஞ்சளும் பச்சையும் கலந்து வெயில்ல மின்னும். அப்ப எனக்கே தேட நேரமாகும். சிவப்புப் பந்து எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மஞ்சள் ரெண்டு பேருக்கும் தெரியாது. அப்ப இந்தச் சரிவுல எல்லாருக்கும் தெரியற பந்து எப்படி இருக்கணும்?

இதுக்கு பெரிய சாமான் எதுவும் வேணாம்னு எலக்ட்ரிக்கல் கடைல இன்சுலேஷன் டேப் வாங்கிட்டு வந்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை, வெள்ளை, எல்லாம் இருக்கும், கரண்ட் வேலைல ஒயர் அடையாளத்துக்குன்னே வர்ற கலர். பழைய டென்னிஸ் பந்து மேல இழுத்து ஒட்டினா ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தம்பியும் நானும் லயத்துப் பசங்க நாலஞ்சு பேரும் சேர்ந்து, ஒருத்தர் கண்ண மூடிக்கணும், இன்னொருத்தர் பந்த சரிவுல உருட்டி விடணும், அப்புறம் தேடணும்.

முதல்ல முழு நீலம். தேயிலைல நீலமா எதுவுமே இல்ல, அதனால வெயில் இருக்கற வரைக்கும் தம்பி அத ஒரே பார்வைல எடுத்தான், எடுத்துட்டு திரும்பி என்னப் பாத்தான் பாருங்க, அத என்னால எழுத முடியாது. ஆனா செடிக்கு அடில நெழல்ல உருண்டு போனா நீலம் இருட்டோட இருட்டாயிரும். அடுத்து முழு வெள்ளை. நெழல்ல நல்லா தெரிஞ்சுது, மிஸ்ட் வந்த உடனே காணோம், அதோட மேல எறிஞ்சா கேட்ச் பிடிக்கறவனுக்கு வானமும் பந்தும் ஒண்ணாயிரும். சரின்னு டெல்ஸ்டார் மாதிரியே வெள்ளைல சின்னச் சின்னக் கறுப்புத் துண்டு ஒட்டினேன், அது தான் ஜெயிக்கப் போகுதுன்னு உறுதியா நெனச்சேன். அதுதான் தோத்துச்சு. ஏன்னு பாத்தா, தேயிலை இலை பளபளன்னு இருக்கும், வெயில் பட்ட இலை வெள்ளையா மின்னும், அதுக்கு அடில இருக்கற சந்து கறுப்பா இருக்கும், அப்ப சரிவே சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் புள்ளியா தான் இருக்கு. பந்து அதுக்குள்ள சிறுத்தை மாதிரி ஒளிஞ்சுக்குச்சு. வெட்டுன புல்லு மேல எடுபட்ட டிசைன் இலை மேல எடுபடல.

அப்ப துண்டு பெருசா இருக்கணும். பாதி நீலம் பாதி வெள்ளைன்னு போட்டா, விழுந்த பக்கத்தப் பொறுத்து ஒரு கலர் மட்டும் தெரியற வாய்ப்பு இருக்கு. யோசிச்சு யோசிச்சு கடைசில ஆரஞ்சுச் சொளை மாதிரி நாலு பங்கா பிரிச்சேன், நீலம் வெள்ளை நீலம் வெள்ளை. அந்தப் பந்த எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் ரெண்டு கலரும் தெரிஞ்சே ஆகணும், கைல வச்சுத் திருப்பிப் பாத்தா உங்களுக்கே தெரியும். மிஸ்ட்ல நீலம் காட்டிக் குடுக்கும், நெழல்ல வெள்ளை காட்டிக் குடுக்கும். அவ்ளோ பெரிய துண்டா சரிவுல வேற எதுவும் இல்ல. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு பந்து தொலயவே இல்ல, பசங்க எல்லாரும் எடுத்தாங்க, தம்பியும் எடுத்தான்.

தொல்லை இல்லாம இல்ல. காலைல குளிருல டேப்போட பசை பிடிக்காது, ஓரம் ஓரமா எழும்பும், அடுப்புக்குக் கிட்ட கொஞ்ச நேரம் காட்டி சூடு பண்ணி ஒட்டினா நிக்கும். டேப் சுத்துன பந்து கொஞ்சம் கனமாகும், வழுக்கிக்கிட்டு வரும். எங்க லயத்துல ஸ்பின் போடற பையனுக்கு தான் பெரிய வருத்தம், ஏன்னா அந்த நாலு பட்டை காத்துல சுத்தறத வச்சே பேட்ஸ்மேன் எந்தப் பக்கம் திரும்பும்னு கண்டுபிடிச்சிர்றான். அந்த வருத்தம் நியாயம் தான். ஆனா தம்பி முதல் தடவையா ஸ்பின்னுக்கு எறங்கி ஆடினான், அதுவரைக்கும் அவனுக்குப் பந்தோட தையலோ கோடோ எதுவுமே காத்துல தெரிஞ்சதில்ல. பெரிய கிரிக்கெட்லயும் இந்தப் பிரச்சனை இருக்கு. 2015 நவம்பர்ல அடிலெய்டுல முதல் பகல்-ராத்திரி டெஸ்ட் நடந்தப்ப பிங்க் பந்து வந்துச்சே, ஆஸ்திரேலியாவோட கிறிஸ் ரோஜர்ஸ், மேத்யூ வேட் ரெண்டு பேரும் கலர் பேதம் தெரியாதவங்க, பிங்க் பந்த லைட்ல பாக்கறது கஷ்டமா இருக்குன்னு வெளிப்படையாவே சொன்னவங்க. டெஸ்ட் ஆடற ஆளு சொன்னா செய்தில வருது. சரிவுல மண்டி போட்டுத் தேடுன பையன் சொல்லத் தெரியாமலே வளர்ந்தான்.

நீலமும் மஞ்சளும் எதிரெதிரா நிக்கறத நல்லா பயன்படுத்துனது 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் ஹாக்கின்னு நெனைக்கிறேன். நீல டர்ஃப், மஞ்சள் பந்து. பழைய ஆளுங்க ஹாக்கிய பச்சைல தான் பாக்கணும்னு முகம் சுளிச்சாங்க, டிவில பந்து எங்க இருக்குன்னு தேடியே பழகுன எனக்கு அது பெரிய நிம்மதி. தம்பி அந்த வீடியோவப் பாத்துட்டு "க்கா, இத யாரோ எனக்காகப் போட்ட மாதிரி இருக்கு"ன்னான்.

இன்னொண்ணு சொல்லணும். சின்ன வயசுல ஊட்டிக்குப் போனா பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே ரேஸ் கோர்ஸ், கோடை சீசன்ல குதிரை ஓடும், நாங்க கம்பிக்கு வெளிய நின்னு பாப்போம். காசு கட்டறது எல்லாம் எங்களுக்குத் தெரியாது, ஜாக்கி போட்டிருக்கற சட்டை தான் எங்களுக்குத் திருவிழா. நான் "பச்சை ஜெயிச்சுருச்சு, சிவப்பு ரெண்டாவது"ம்பேன், தம்பி எப்பவுமே "வைரம் போட்டது", "குறுக்குப் பட்டை", "புள்ளி வச்ச கை"ன்னு தான் சொல்லுவான். ஒரு தடவ கூட கலரச் சொன்னதில்ல. அந்தச் சட்டைங்க தான் விளையாட்டுல நான் பாத்ததுலயே ஆகச் சிறந்த டிசைன்னு இப்ப தோணுது. 1762ல இங்கிலாந்து நியூமார்க்கெட்ல ஜாக்கி கிளப் ஒவ்வொரு குதிரைச் சொந்தக்காரரும் தனக்குன்னு ஒரு கலர் வச்சுக்கணும்னு முடிவு பண்ணாங்க, தூரத்துல ஓடும்போது எது யாரோட குதிரைன்னு தெரியணும், அவ்ளோதான் நோக்கம். கலர் பத்தாம வட்டம், பட்டை, வைரம், சிலுவைன்னு வடிவமும் வந்து சேர்ந்துச்சு, அதனால கலர் தெரியாத பையனும் கம்பிக்கு வெளிய நின்னு குதிரைய அடையாளம் சொல்ல முடிஞ்சுது.

ஊட்டின்னா ஸ்னூக்கரையும் விட முடியாது. 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ராணுவ அதிகாரி ஆரம்பிச்ச ஆட்டம், 1882ல விதிகள எழுதி வச்சது ஊட்டி கிளப்ல. அந்த ஆட்டமே கலர் தான், சிவப்புப் பந்து 15, அப்புறம் மத்த கலர்ல ஒவ்வொண்ணு, மஞ்சளுக்கு 2 பாயிண்ட், பச்சைக்கு 3, பிரவுனுக்கு 4, நீலத்துக்கு 5, பிங்க்குக்கு 6, கறுப்புக்கு 7. கலர் டிவி வந்தப்ப அத காட்டறதுக்குன்னே 1969ல பிபிசி ஸ்னூக்கர் போட்டி ஒண்ணு நடத்துச்சுன்னா பாத்துக்கோங்க. குன்னூர் டவுன்ல ஒரு பார்லர்ல தம்பி ஆடுவான், நல்லாவே ஆடுவான். எப்படிடான்னு கேட்டேன். "பச்சை இடது, பிரவுன் நடு, மஞ்சள் வலது, உள்ள போனாலும் திருப்பி அதே எடத்துல தான வைப்பாங்க, எடம் மாறுனா தான் குழப்பம்"னான். பந்துக்கு கலரும் இருக்கு, வீடும் இருக்கு. வீட்ட விட்டு நகந்து சிவப்புக் கூட்டத்துக்குள்ள பிரவுன் போயிட்டா எதிர்ல ஆடறவன கேட்டுக்குவானாம். 2002 உலக சாம்பியன் பீட்டர் எப்டனுக்கும் இதே பிரச்சனை இருந்துச்சு, அவரும் ரெஃப்ரிகிட்ட கேட்டு உறுதி பண்ணிக்குவாருன்னு சொன்னப்ப தம்பிக்கு ரொம்ப சந்தோஷம்.

டேபிள் டென்னிஸ் பேட்டுல ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் கறுப்பு இருக்கே, அது அழகுக்கு வந்தது இல்ல. ரெண்டு பக்கமும் வேற வேற குணமுள்ள ரப்பர ஒரே கலர்ல ஒட்டிட்டு, பேட்ட சுத்திச் சுத்திப் போட்டு எதிராளிய ஏமாத்துனாங்க, அத நிறுத்த 1986ல சிவப்பு கறுப்பு கட்டாயம் ஆச்சு. ஆனா சிலவகைக் கண்ணுக்கு சிவப்பே இருட்டா தான் தெரியும், கறுப்புக்கு ரொம்பக் கிட்ட. அவங்களுக்கு அந்த விதி இருந்தும் பாதி உதவி தான். 2021ல இருந்து சிவப்புக்குப் பதிலா நீலம், பச்சை, பிங்க், வயலெட்டும் போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க, நல்ல வேலை.

எனக்கு இன்னும் ஆறாதது ஷட்டில் தான். நைலான் ஷட்டில்ல கார்க்கு மேல ஒரு வளையம் இருக்கும், பச்சைன்னா மெதுவா போறது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். குன்னூரே 1850 மீட்டர் உயரம், காத்து மெலிசு, கோயம்புத்தூர்ல சரியா விழற ஷட்டில் இங்க கோட்டத் தாண்டிப் பறக்கும், அதனால நாங்க பச்சை தான் தேடி வாங்கணும். ஒரு தடவ தம்பிய அனுப்பினேன், சிவப்பு டப்பா வாங்கிட்டு வந்தான், அடிச்சது எல்லாம் வெளிய போச்சு, அப்ப அவனுக்கு இப்படின்னு எனக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் டப்பால கலர் தவிர வேற அடையாளம் எதப் பாக்கணும்னு சொல்லி அனுப்பாம விட்டுட்டேன். உலகத்துல அத்தன கலர் இருக்க, மெதுவுக்கும் வேகத்துக்கும் அதே ரெண்டு கலரா? எறகு ஷட்டில்ல 75, 76, 77னு நம்பர் போடுவாங்க, சின்ன நம்பர் மெது, பெரிய நம்பர் வேகம், அதுல கொழப்பமே இல்ல. ஸ்குவாஷ் பந்துல மெதுவானதுக்கு ரெண்டு புள்ளி, எண்ணிப் பாத்தாப் போதும். வளையத்துல ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடுன்னு சேர்த்து அடிச்சா மை செலவு கூட ஆகாது. நான் இப்ப எங்க ஊர் கோர்ட்டுக்கு வர்ற டப்பா எல்லாத்துலயும் மார்க்கர்ல அப்படித்தான் கோடு போட்டு வைக்கறேன்.

ஜெர்சி வேலையும் மாறிருச்சு. எந்த டீம் வந்தாலும் எதிர்ல யாரு ஆடறான்னு கேக்கறேன், ரெண்டையும் பக்கத்துல வச்சு கலர எடுத்துப் பாக்கறேன், ஒண்ணு வெளிச்சமா ஒண்ணு இருட்டா இல்லன்னா ஆர்டர் எடுக்கறதில்ல. நம்பர்ல கோல்டு அவுட்லைன் எல்லாம் விட்டாச்சு, தடிச்ச எழுத்து, ஒரே கலர், மிஸ்ட்ல அதுதான் நிக்குது. போன மாசம் ஒரு டீம் நீலகிரி பழங்குடிங்களான தோடரோட எம்பிராய்டரி டிசைன ஜெர்சி கைல பிரிண்ட் பண்ணிக் கேட்டாங்க. வெள்ளைல சிவப்பும் கறுப்பும் நூல வச்சு இழை எண்ணித் தைக்கற அந்த வேலை எனக்கு உசுரு, தம்பிக்குக் கூட வடிவம் அவ்ளோ தெளிவா தெரியும். ஆனா அது அவங்களோடது, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, அதுல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பேரும் அர்த்தமும் இருக்கு. அத நான் ஸ்கேன் பண்ணி பாலியெஸ்டர்ல அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், வேணும்னா தைக்கறவங்ககிட்ட போய்க் கேட்டு அவங்க கைலயே ஒரு பட்டை வாங்கிக் கொடில வச்சுக்கோங்கன்னேன். அவங்க யோசிக்கிறோம்னு போயிருக்காங்க.

நீலமும் வெள்ளையுமா இதுவரைக்கும் எங்க லயத்துக்கு 9 பந்து சுத்திக் குடுத்திருக்கேன். மூணு கிழிஞ்சு போச்சு, ஒண்ணு காட்டுமாடு நின்ன வரிசைக்குள்ள போயி அன்னைக்கு யாரும் எறங்கல, மறுநாள் போய்ப் பாத்தா இல்ல. மிச்சம் அஞ்சும் ஆட்டத்துல இருக்கு. கீழச் சரிவுல செடி மறுபடி நெஞ்சு உயரம் வந்துருச்சு, அடுத்த வருஷம் கவாத்துக்கு வரும்னு அம்மா சொல்றாங்க. தம்பி இப்பவும் சாயங்காலம் அங்கயே தான் போய் நிக்கறான், இப்ப யாரும் அவன நிறுத்தறதில்ல, அவனா தான் எறங்கிப் போறான். கவாத்து வெட்டற அன்னைக்கு லீவு போட்டு உரச் சாக்கோட நானே கூடப் போறதா இருக்கேன்.